கண்ணம்மை ஆச்சியின் மாவுக்கறி

1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் எட்டாம் நாள், சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டரை மணிக்குக் கண்ணம்மை ஆச்சியை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே அவருடைய குரலைக் கேட்டுவிட்டேன். மலேசியாவின் ஈப்போ நகரை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு எதிரே இருந்த கடை வரிசையில், தேனப்பன் செட்டியாரின் சாப்பாட்டு மெஸ்ஸைத் தேடிக்கொண்டு சென்றிருந்தேன். அருகிலிருந்த தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"என்னா ஆச்சி, நானும் பாக்குறேன். சாம்பாரு, கீரை, கூட்டு, மறுபடியும் கீரை. நான் லாரி ஓட்டுறவன் லா, ஆடு இல்ல!"

மலேசியப் பேச்சு வழக்கின் 'லா' போட்டுப் பேசியவர் அப்பாவு. பீடோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் துண்டாடி விற்கப்பட்ட பிறகு ஈப்போவுக்கு வந்து லாரி ஓட்டுநரானவர். இரண்டு கன்னங்களையும் தொட்டு மேலேறும் மீசை வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லித் தேடுவதைவிட மீசையைச் சொல்லித் தேடுவது எளிது.

சமையற்கட்டின் வாயிலிலிருந்து பதில் வந்தது. "ஆடும் இந்தக் கீரையத்தான் திங்கிது அண்ணே. அப்பறம் அந்த ஆட்டத்தானே நீங்க தேடுறீக? நடுவுல ஆடு எதுக்கு?"

இலைகளின் முன் அமர்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவுவுக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"அப்படியா? அப்ப ஆடு இல்லாம, மீன் இல்லாம, கோழி இல்லாம, எனக்கு ஒரு கறிக்குழம்பு வையுங்க. என் நாக்கு அதக் கறின்னு சொல்லணும். சொல்லிட்டா இந்த மீசைய எடுத்துடுறேன்!"

"பாதியா, முழுசா மச்சான்?" என்று கேட்டவர் அவருடைய மைத்துனர் சீனி, மோட்டார்ப் பட்டறைத் தொழிலாளி.

"முழுசா லா!"

"மீசைய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? மோர் ஊத்தட்டுமா?" என்றபடி வெளியே வந்தார் ஆச்சி. முப்பதைத் தொடாத வயது, மெலிந்த உடல், நெற்றியில் திருநீறு. செட்டிநாட்டுப் பெண்களை வயது பாராமல் ஆச்சி என்று அழைப்பது ஊர் வழக்கம் என்பதால், அவரைவிட மூத்தவர்களும் அப்படியே அழைத்தார்கள். அப்பாவு மோருக்குக் காத்திராமல் வெளியேறினார். அவரோடு இன்னும் சிலர் எழுந்து போனார்கள். அடுத்த வாரம் மேலும் சிலர் வரவில்லை.

இந்த இடத்தில் அவருடைய முன்கதையைச் சொல்லியாக வேண்டும். ஆச்சி தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். தாயார் வீட்டில் ஆட்டுக்கறியும் கோழியும் சமைத்துக் கை பழகியவர். கணவர் தேனப்பன் ஈப்போவில் மெஸ் தொடங்கியபோது, "என் வீட்டுக்காரி வந்து கரண்டி பிடிக்கட்டும், அப்பறம் பாருங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆனால் பயணத்துக்கு முந்திய ஆண்டு தாயார் கடும் நோயில் விழுந்தபோது, ஆச்சி மடத்துக்குச் சென்று சிவதீட்சை பெற்றுக்கொண்டார். உபதேசம் வாங்கியவர் புலால் உண்பதில்லை. ஆச்சி அதைத் தொடுவதுமில்லை, அது வேகும் அடுப்படியில் நிற்பதுமில்லை என்று உறுதி கொண்டார். கடிதத்தில் எழுதினால் 'வர வேண்டாம்' என்று பதில் வந்துவிடுமோ என்று அஞ்சி, பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதற்செய்தியாக அதைத்தான் கணவரிடம் சொன்னார்.

தேனப்பன் கோபக்காரர் அல்லர். இருந்தும் மெஸ்ஸில் இலைகள் குறையக் குறைய அவருடைய பேச்சும் குறைந்தது. ஒருநாள், நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"தைப்பூசம் வரைக்கும் பாப்போம் கண்ணம்மை. ஆளு திரும்பலைன்னா கறி சமைக்கிற ஆள வச்சுத்தான் ஆகணும். நீ அந்த அடுப்படியில இருக்க மாட்டே. அதனால ஊருக்குப் போயி ஆத்தாகூட இரு. நான் வந்து வந்து பாத்துக்கிறேன்."

"சரி" என்றார் ஆச்சி. அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எதையோ தேடத் தொடங்கினார் என்பதை மெஸ்ஸில் உண்ட நாங்கள் எல்லோரும் இலையிலேயே கண்டோம். பலாக்காய் வந்தது. காளான் வந்தது. தட்டைப்பயற்றை அரைத்து அவித்த உருண்டை வந்தது. எல்லாம் சுவையாகத்தான் இருந்தன. ஆனால் உண்டவர்கள், "ரொம்ப நல்லா இருக்கு ஆச்சி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மறுநாள் எதிர்க்கடையில் மீன்தலைக் குழம்புக்கு அமர்ந்தார்கள்.

வழி காட்டியவர் ராக்காயி. அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்; ரப்பர்ப் பால்மரம் வெட்டிய கையோடு மெஸ்ஸில் பாத்திரம் துலக்க வந்து சேர்ந்தவர். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் எதிர்க் குன்றுகளின் குகைக்கோயில்களில் சீனர்கள் சைவம் உண்பார்கள். அத்தகைய ஒருநாள், கோயில் வாசலில் வாங்கிய ஒரு பொட்டலத்தை ராக்காயி கொண்டு வந்து ஆச்சியின் முன் பிரித்தார். உள்ளே பழுப்பு நிறத் துண்டுகள். நார் நாராகப் பிரிந்தன. எண்ணெய் மினுங்கியது.

ஆச்சி சுவரோடு ஒட்டிக்கொண்டார். "சீ! எடு ராக்காயி! கறியக் கொண்டாந்து அடுப்படியிலயா வைக்கிறே?"

"ஐயோ ஆச்சி, இது கறி இல்ல. கோதும மாவு!"

"மாவு நாராப் பிரியுமா? யாருகிட்டச் சொல்றே?"

"சாமி சத்தியமா மாவு ஆச்சி. அந்தச் சீனத்தி செய்யறத வேணா வந்து கண்ணால பாருங்க."

ஆச்சி நம்பவில்லை. ஆனால் பார்க்கச் சென்றார். குகையின் பக்கவாட்டில், நீர் சொட்டும் பாறைக்குக் கீழே, புகையேறிய சமையற்கூடம். அங்கே சமைத்த முதிய சீனப் பெண்மணியை எல்லோரும் ஆ சாம் என்று அழைத்தார்கள். ராக்காயி தமக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். ஆ சாம் தமக்குத் தெரிந்த மலாயில் விடை சொன்னார். "தெப்போங், தெப்போங் சாஜா." வெறும் மாவுதான். முட்டை உண்டா என்று ஆச்சி கேட்கச் சொன்னார். ஆ சாம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார்: இல்லை.

அதன்பின் ஆ சாம் பிசைந்த மாவை ஒரு பாத்திர நீரில் அமிழ்த்திப் பிழியத் தொடங்கினார். நீர் பாலாக வெளுத்தது. கொட்டிவிட்டு வேறு நீர். மீண்டும் பாலாகியது. மீண்டும் கொட்டினார். நீர் தெளியத் தெளிய, கையில் எஞ்சியது மாவு போல் இல்லை; இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது.

ராக்காயி வாயில் கை வைத்துக்கொண்டார். "ஆச்சி, இது நம்ம ஒட்டுப்பால் லா! ரப்பர் மரத்துல காஞ்சு கெடக்குமே, அதே மாதிரி!"

ஆச்சி அந்தப் பிண்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கேயே, ஈரத்தரையில் அமர்ந்தார். தாம் நம்பியது வாயால் சொன்ன எதனாலும் அன்று. கண்முன் கழுவப்பட்ட மாவினால்தான் என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும். பின்னர் அதுவே அவரைக் காத்தது.

ஆ சாம் மாவைக் கழுவக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அதை நாராக்கும் முறையைச் சொல்லவில்லை. ஆச்சி அதைக் கேட்கவும் இல்லை. நன்றிக்கு ஒரு பாத்திரம் நிறையக் குழம்பு வைத்து, மூடி, ராக்காயியோடு எடுத்துச் சென்றார். சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வதக்கிய, செட்டிநாட்டில் யாரும் குறை சொல்லாத குழம்பு. ஆ சாம் மூடியைத் திறந்தார், முகத்தைத் திருப்பினார், மூடிவிட்டார். "பாவாங் தா போலே." வெங்காயம் கூடாது.

வீடு திரும்பும் வழியில் ஆச்சி கேட்டார்: "வெங்காயம் சைவம்தானே ராக்காயி?"

"நமக்குச் சைவம். அவங்களுக்கு அது கவுச்சி போல இருக்கு."

"முட்டை?"

"அதுவும் கூடாதாம்."

"அப்ப முட்டையில நாங்க ரெண்டு பேரும் ஒன்னு. வெங்காயத்துலதான் வேற" என்றார் ஆச்சி. இந்த வேறுபாட்டில் அவர் ஏளனம் எதையும் காணவில்லை. தம்மைவிட இறுக்கமாக நோன்பு காக்கும் ஒருவர் என்ற மதிப்பே ஏற்பட்டது. அடுத்த முறை வெங்காயமும் பூண்டும் இல்லாமல், அவற்றின் குறை தெரியாதிருக்கப் பெருங்காயத்தை நெய்யில் பொரித்துச் சேர்த்துக் கொண்டு போனார். நம் வீடுகளில் வெங்காயம் விலக்கிய நாளில் செய்வது அதுதானே? ஆ சாம் மூடியைத் திறந்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனார். பெருங்காயமும் அவர்கள் விலக்கிய பொருள்களில் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

"இது வெங்காயத்தோட பெரியப்பன்னு சொல்லுது ஆச்சி" என்று மொழிபெயர்த்தார் ராக்காயி. ஆ சாம் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் முகம் அதைத்தான் சொன்னதாம்.

மூன்றாம் முறை மிளகு, மல்லி, சோம்பு, கல்பாசி, தேங்காய் மட்டுமே சேர்ந்த குழம்பு. ஆ சாம் முகர்ந்தார். ஒரு கரண்டி எடுத்தார். பிறகு ஒரு கிண்ணம் சோற்றை எடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். உண்டு முடித்ததும், கழுவிய மாவுப் பிண்டத்தை நீளமாக இழுத்து, கயிறுபோல் முறுக்கி, முடிச்சிட்டு, மெல்லிய தீயில் வேகவைத்துக் காட்டினார். வெந்த பிறகு ஆச்சி கத்தியை எடுக்க, அவர் கையைத் தட்டிவிட்டார். கத்தி படக்கூடாது, விரலால் பிய்க்க வேண்டும். பிய்த்தபோது நார் நாராக வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஆச்சியின் சொந்த உழைப்பு. கொழுப்பின் கடிக்குத் தேங்காய்ச் சில்லுகளை நெய்யில் பொரித்துச் சேர்த்தார். "எலும்பு எங்க ஆச்சி?" என்று சீனி வம்பு செய்ய, முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டு, "இந்தாங்க, உறிஞ்சுங்க" என்றார். மாவைப் பிழிவது ராக்காயியின் பங்கு. ரப்பர்ப் பால் உருட்டிப் பழகிய அந்தக் கைகளுக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. சுவை பார்ப்பதும் ராக்காயிதான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஆச்சி தாம் சமைத்த மாவுக்கறியைத் தாம் உண்டதேயில்லை. முதல்நாள் ஒரு துண்டை நாவில் வைத்தார், பழைய நாட்களின் கறிச்சுவை அப்படியே திரும்பி வந்தது, உடனே எடுத்துவிட்டார். மணத்தையும் பதத்தையும் கண்ணாலும் மூக்காலும் அறிந்தே சமைத்தார்.

இந்தச் செய்தி கேட்டு உறவினரும் பெரியவருமான பழனியப்பன் செட்டியார் ஒருநாள் வந்து வினவினார்: "உபதேசம் வாங்கினவ கறி மாதிரிச் சமைக்கலாமா? அது கறிய நினைக்கிறதுதானே?"

"உபதேசம் நான் வாங்கினது எனக்கு அண்ணே. இங்க சாப்பிட வர்றவுக நாக்குக்கு நான் உபதேசம் குடுக்கலை. அவுகளுக்குப் பசி, எனக்கு நோன்பு. ரெண்டும் ஒரே அடுப்புல வேகுது. இலை போடட்டுமா?"

பழனியப்பன் அமர்ந்து உண்டார். மறுவாரமும் வந்தார்.

ஐப்பசி முடிவதற்குள் இலைகள் கூடத் தொடங்கின. ஆனால் தேனப்பன் இன்னும் நம்பவில்லை. புதுமை கொஞ்ச நாள்தான் நிற்கும் என்பது அவர் எண்ணம். கறிச் சமையலுக்கு ஓர் ஆளிடம் பேசியும் வைத்திருந்தார். இந்த நிலையில்தான், மார்கழி மாதத்து ஒரு நண்பகலில், அப்பாவு மீண்டும் வந்தார்.

பல மாதங்களாக அவர் பாகான் டத்தோவில் தங்கித் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். இங்கு நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. தைப்பூசத்தில் குனோங் சேரோ கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டி, விரதமிருந்தார். மஞ்சள் வேட்டி, வெற்றுக் கால், வளர்ந்த தாடிக்கு நடுவிலும் தனித்து நிமிர்ந்த மீசை. சைவ மெஸ் என்பதால் இங்கே தவறு நேராது என்று நம்பி வந்து, சீனிக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

பந்தி முழுவதற்கும் மாவுக்கறி தெரியும். சீனிக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மார்ச் மாதத்துப் பந்தயத்தை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். தேனப்பன் அவசரத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டே போனார்.

அப்பாவு ஒரு துண்டை மென்றார். தாடை நின்றது. கண்கள் விரிந்தன. இலையில் துப்பிவிட்டு, மணையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"கறி! கறி போட்டுட்டீங்களே! காவடி எடுக்குறவன் லா நான்!"

சீனி சிரித்தார். அப்பாவு வேட்டி நுனியால் நாக்கைத் துடைப்பதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தேனப்பன் "மாவு, அது மாவு" என்று குழறினார்.

"யாருக்குக் கதை விடுறீங்க? பொறந்ததுல இருந்து கறி தின்ன நாக்கு இது! நல்லி எலும்பு ஓரத்துக் கறி! சைவம்னு எழுதிப் போட்டு இப்படியா ஏமாத்துவீங்க? நான் எப்படி அலகு குத்துவேன்? சாமி என்னைச் சும்மா விடுமா?"

கடை வரிசையின் முன் ஆட்கள் கூடிவிட்டார்கள். காவடி விரதக்காரனுக்குக் கறி ஊட்டிய மெஸ் என்ற பேச்சு மாலைக்குள் ஈப்போ முழுவதும் பரவினால், ஆச்சியின் ஒன்பது மாத உழைப்பும், அதற்கு மேலாக அவருடைய தீட்சையின் பெயரும் அன்றோடு முடிந்திருக்கும்.

ஆச்சி வெளியே வந்தார். முதலில் சீனியைப் பார்த்தார். "தெரிஞ்சும் சொல்லாமலா இருந்தீக? விரதம் உங்களுக்கு விளையாட்டா?" சீனி தலை குனிந்தார். பிறகு அப்பாவுவிடம், குரலை உயர்த்தாமல், "நீங்க என்னை நம்ப வேண்டாம் அண்ணே. நானும் முதல்ல நம்பலை. பின்பக்கம் வாங்க. செய்யறதப் பாருங்க. பாத்துட்டு என்ன வேணாலும் சொல்லுங்க" என்றார்.

பின்கட்டுக் குழாயடியில் பேசின் வைக்கப்பட்டது. ராக்காயியை விலக்கிவிட்டு அன்று ஆச்சியே மாவைப் பிசைந்தார், பிழிந்தார். நீர் வெளுத்தது. கொட்டினார். மீண்டும் வெளுத்தது. கூட்டம் பின்கட்டு வரை வந்து நின்று பார்த்தது. உணவு வேளை கடந்துபோயிற்று, யாரும் நகரவில்லை. எஞ்சிய பிண்டத்தை ஆச்சி அப்பாவுவின் உள்ளங்கையில் வைத்தார். அவர் இழுத்தார், அது நீண்டது.

"ஒட்டுப்பாலு மாதிரி இருக்கே" என்றார் மெதுவாக.

"நீயும் ஒட்டுப்பால் பொறுக்குனவன், நானும் பொறுக்குனவ" என்றார் ராக்காயி. "இதுல எங்கடா ஆடு கத்துது, சொல்லு பாப்போம்!"

முறுக்கி, வேகவைத்து, பிய்த்துக் காட்டிய பிறகு அப்பாவு நம்பினார். கோபம் போயிற்று. ஆனால் அச்சம் போகவில்லை. அவர் குந்தி அமர்ந்து, எங்கள் யாரையும் பாராமல், ஆச்சியிடம் மட்டும் சொன்னார்: "நாக்குல பட்டது மாவுதான், சரி. ஆனா மனசு கறின்னு நெனைச்சிருச்சே ஆச்சி. விரதம் போனது போனதுதானே?"

பந்தயம் வைத்த மனிதரின் குரலாக அது இல்லை. ஆச்சிக்கு அந்த அச்சம் தெரியும்; மாவுக்கறியின் முதல் துண்டை அவரும் நாவிலிருந்து எடுத்து வைத்தவர்.

"கறின்னு நெனைச்ச உடனே துப்பிட்டீகள்ல அண்ணே? அதுதான் விரதம். போகலை. இருக்கு."

அப்பாவு எழுந்து கைகளைக் கழுவினார். "வேற இலை போடுங்க ஆச்சி. மாவு வேணாம். ரசம் போதும்."

அவர் மீண்டும் இலையின் முன் அமர்ந்தபோதுதான் யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து, "நல்லி எலும்பு ஓரத்துக் கறின்னு சொன்னாரே... அப்ப மீசை?" என்று தொடங்கினார்.

"ரசம் ஆறுது" என்றார் ஆச்சி. பேச்சு அதோடு நின்றது.

தைப்பூசத்தன்று அப்பாவு அலகு குத்திக் காவடி எடுத்தார். ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோயிலிலேயே தலைமுடி இறக்கியாயிற்று. மறுநாள் மெஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. மீசை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கே பாதிப்பேர் வந்திருந்தார்கள். மொட்டைத் தலையோடும், சந்தனத்தோடும், மீசையோடும் அவர் வாசலில் நின்றார்.

"அங்கேயே எடுத்திருப்பேன் ஆச்சி. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன்."

"சாமிக்குச் சொன்னதக் குடுத்தாச்சுல்ல? உள்ள வாங்க, இலை போட்டாச்சு."

'மீசையை எடு' என்ற அந்த ஒரு வார்த்தையை ஆச்சி அன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின்னும் சொல்லவில்லை. கறிச் சமையலுக்குப் பேசியிருந்த ஆளைத் தேனப்பன் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த மெஸ் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. புரட்டாசியிலும் தைப்பூசக் காலத்திலும் பீடோரிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் பெண்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். கேட்டவர் யாராயினும் பேசினைப் போட்டு மாவைக் கழுவிக் காட்டுவார். வாயால் மட்டும் சொல்லித்தர மறுப்பார். ஆ சாம் இறந்தபோது, வெங்காயமும் பூண்டும் பெருங்காயமும் இல்லாத குழம்பு குகைக்கோயிலுக்கு ஒரு பெரிய அண்டாவில் போயிற்று. எண்பதுகளில் பனிக்கட்டியில் உறைந்த சைவ இறைச்சி கடைகளுக்கு வந்தபோது பலர் ஆச்சிக்காக வருந்தினார்கள். அவரோ ஒரு பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, விரலால் பிய்த்துப் பார்த்து, "நாரு நல்லாத்தான் வருது. ராக்காயி கைக்கு ஓய்வு" என்றார்.

அப்பாவு நாள்தோறும் வந்தார். மீசை முதலில் கருப்பாகவும் பிறகு நரையாகவும் இருந்தது. தெருவில் அது முறுக்கிக்கொண்டு நிற்கும். மெஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, வலக்கையால் இருபக்கமும் நீவி, கீழே இறக்கிவிட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

1988ஆம் ஆண்டு தேனப்பனின் உடல்நிலை தளர, இருவரும் ஊர் திரும்பினார்கள். ஈப்போ ரயில் நிலையத்தில் வழியனுப்ப நாங்கள் நின்றோம். ஆச்சி சன்னல் வழியாக எல்லோரையும் பெயர் சொல்லி விடைபெற்றார். அப்பாவுவிடம், "வெயில்ல லாரி ஓட்டாதீக அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

வண்டி வளைவில் மறைந்தது. சீனி மைத்துனரின் தோளைத் தட்டினார். "கேக்கவேண்டியவங்க போயிட்டாங்க மச்சான். இனிமே முறுக்கிவிடு."

அப்பாவுவின் கை மீசைக்குப் போயிற்று. இருபக்கமும் மெல்ல நீவி, கீழே இறக்கிவிட்டது.

"கேக்காமலே விட்டுட்டாங்க லா" என்றார்.